புள்ளிக்கு முறை வைத்தவர்

ஒரு அடி ஸ்கேல் என்று சொல்லித்தான் கடையில் விற்கிறார்கள். அக்கா கையில் அது எத்தனை அடி என்பது வாங்கினவர்களுக்குத்தான் தெரியும்.

ஸ்டீல் ஸ்கேல். ஓரம் தேய்ந்து பளபளவென்று இருக்கும். அதை கம்ப்யூட்டர் திரைமேல் நிமிர்த்தி வைத்து, எண்கள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். நின்றால் ஸ்கேல் மேஜைக்குப் போகும். நிற்கவில்லை என்றால் பக்கத்தில் இருக்கிறவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வது நல்லது.

எனக்கு முதல் நாளே விழுந்தது. திரையில் ஒரு எண்ணை விரலால் தொட்டு, "இதாங்க தப்பா இருக்கு" என்றேன். சுளீர் என்று மணிக்கட்டில் இறங்கியது.

"வாயால சொல்லு. வெரல வச்சா எண்ணெ ஒட்டும். அப்பறம் புள்ளி எது, ஒன் தலைக்கு வச்ச எண்ணெ எதுன்னு நான் எங்க போய்த் தேடுறது?"

தடிப்பு மூன்று நாள் இருந்தது. அன்று மதியம் அவரே தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவிவிட்டு, "சாப்டியா?" என்றார். அடித்தால் கட்டாயம் அதைக் கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்டாலே கடையில் ஒருவரை ஒருவர் பார்த்து, "இன்னிக்கு யாருக்கு?" என்று சிரிப்பார்கள். என்னைவிட மூன்று வயதுதான் கூட. ஆனாலும் எனக்கும் அக்கா, கடைக்கே அக்கா. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

கடை தஞ்சாவூரில் கீழவாசல் பக்கம் இருந்தது. வெளிநாட்டு டாக்டர்கள் எழுதின புத்தகங்களும் பத்திரிகைகளும் எங்களிடம் வந்து, அச்சுக்கு ஏற்ற மாதிரி பக்கம் பக்கமாக உருவாகி, டெலிபோன் கம்பி வழியாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்த காலம். அதற்கு முன்பு அது உரக் கிடங்கு. ஏசி போட்டு, செருப்பை வெளியே விடச் சொல்லி, கண்ணாடிக் கதவு வைத்தும்கூட, மழை பெய்தால் யூரியா வாடை அடிக்கும். ஷட்டர் மட்டும் பழைய கிடங்கு ஷட்டர்தான். அதை இழுக்கிற கொக்கி போட்ட இரும்புக் கம்பி, உள்ளே சுவரில் சாய்ந்தே நிற்கும்.

நான் வலங்கைமானிலிருந்து காலை பஸ்ஸில் வருவேன். பத்தாவதோடு நின்றவள். எனக்கு அங்கே கம்பேரிங் வேலை. ஒருவர் மூலத்தைச் சத்தமாகப் படிக்க, எதிரில் இருப்பவர் நாங்கள் அடித்த நகலில் பார்த்துக்கொண்டே வருவார். படித்துப் படித்துத்தான் எனக்கு இங்கிலீஷ் வந்தது. சிறுநீரகத்தைப் பற்றி இன்றைக்கும் நாலு வார்த்தை பேசுவேன். லீவு லெட்டர் எழுதச் சொன்னால் வியர்த்துவிடும்.

அக்காவுக்கு டேபிள், அதாவது எண் அட்டவணைகள், மட்டும்தான். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவர். கட்டம் போட்டு எண்களை வரிசையாக அடிக்கிற பரீட்சையில் இன்ஸ்டிடியூட்டிலேயே அவர்தான் முதல் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக் குழுவில் நிற்பார். அங்கேயும் ஒருமுறை, தாளம் தப்பின ஆளைப் பாட்டுப் புத்தகத்தாலேயே அடித்துவிட்டாராம். போதகர் கேட்டதற்கு, "பாட்டு முடியட்டும்னுதான் பாத்தேன் ஐயிரே, கை கேக்கல" என்றாராம்.

கடைக்கு இரண்டு முதலாளிகள். அண்ணன் தம்பி. பெரியவர் பதினோரு வருஷம் சவூதியில் ஒரு அச்சகத்தில் இருந்துவிட்டு வந்து கடையைத் திறந்தவர். சின்னவர் மெட்ராஸில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவர். கடை யாருடைய மூளையில் நடக்கிறது என்பதில் இரண்டு பேருக்கும் தகராறு. வெற்றிலை பாக்குக் கடைக்காரருக்குக்கூடத் தெரிந்த தகராறு. சின்னவர் ஒருமுறை பெரியவரின் மேஜைக் கண்ணாடியை உடைத்திருக்கிறார். பெரியவர் சின்னவரின் ஸ்கூட்டரை எட்டி உதைத்துச் சாக்கடையில் தள்ளியிருக்கிறார். ஏசிக்காரன் வந்தால்கூட, யார் கூப்பிட்டது என்று தெரியாமல் வேலையை ஆரம்பிக்க மாட்டான்.

இந்தத் தகராறு டேபிளுக்குள்ளும் வந்துவிட்டது. அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லவேண்டும்.

பக்கம் அமைக்கிற எங்கள் கம்ப்யூட்டரில் பேக்கேஜ் என்றால், முன்கூட்டியே எழுதி வைத்த கட்டளைகளின் மூட்டை. ஃபைலின் உச்சியில் அதன் பெயரை ஒரு வரி எழுதினால் போதும், கீழே இருக்கிற பக்கங்களிலெல்லாம் அது தன் வேலையைச் செய்யும். பெரியவர் ஒரு மூட்டை வாங்கி வந்திருந்தார். மருத்துவப் புத்தகம் போடுகிற கம்பெனி, தசமப் புள்ளி காலடியில் இருக்கக்கூடாது, எண்ணின் இடுப்பு உயரத்தில் நிற்கவேண்டும் என்று கேட்டது. எங்கே புள்ளியைக் கண்டாலும் பிடித்துத் தூக்கி வைப்பது அந்த மூட்டை. சின்னவர் தானே ஒரு மூட்டை எழுதியிருந்தார். டேபிளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எண்கள் வரும்போது, புள்ளியைப் பிடித்து ஒரே செங்குத்துக் கோட்டில் நிறுத்துவது அது. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நல்ல மூட்டைகள். ஒரே ஃபைலில் வந்தால் இரண்டும் ஒரே புள்ளியைப் பிடிக்கும். பெரியவருடையது முதலில் வந்தால், எண்கள் கள் குடித்ததுபோல் ஆளுக்கொரு பக்கம் நிற்கும். சின்னவருடையது முதலில் வந்தால் அதைவிட மோசம். புள்ளியே காணாமல் போகும்.

இரண்டில் ஒன்றை எடுத்துவிடலாமே என்று சொன்ன ஒரு ஆபரேட்டர் மறு மாதம் வேலையில் இல்லை.

மற்ற ஆபரேட்டர்கள் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி எண்களைத் தள்ளி நிறுத்தப் பார்ப்பார்கள். அக்கா பார்த்துவிட்டால் தீர்ந்தது. ஒருவன் விரல்மேலேயே ஸ்கேலை இறக்கினார். "எண்ணத் தள்ளாதடா! அது ஏன் நவுந்துச்சுன்னு கேளு!" இன்னொரு நாள் ஒரு மௌஸைச் சுவரில் எறிந்தார். அதன் வயிற்றிலிருந்து உருண்டை வெளியே வந்து ஓடியது. அவரே குனிந்து தேடி எடுத்து, புடவைத் தலைப்பில் துடைத்துக் கொடுத்து, "சாப்டியாடா?" என்றார்.

இந்தத் தகராறை அவர் தீர்த்த விதம்தான் எனக்கு மறக்கவில்லை. மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே சொன்னார்.

"எங்க ஊரு கல்லணைக் கால்வாயில கடேசிப் பாசனம். தண்ணி கொறஞ்ச வருசம் முறை வைப்பாங்க. இந்த மடைக்கு இத்தன மணி வரைக்கும் நீ, அதுக்கு மேல நான். எங்கப்பாவும் சித்தப்பாவும் ஒரே மடை. எங்கப்பாவுக்குக் கோயில் மணி அடிச்சா முறை முடிஞ்சிது. சித்தப்பாவுக்குப் பட்டுக்கோட்ட பஸ் வந்தா முறை ஆரம்பம். ரெண்டும் ஒண்ணாத்தான் வரும். ஒரு நாள் பஸ்ஸு முந்திட்டு."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, மண்வெட்டிதான். சித்தப்பா மண்டையில எறங்கிச்சு. மடைத் தண்ணி செவப்பா எங்க வயலுக்குள்ள போச்சு." குழம்பை ஊற்றிப் பிசைந்தார். "இதுங்களும் அதேதான். ரெண்டு மூட்டையும் ஒரே மடையில கைய வக்கிது. எடுத்து எறிய முடியாதுன்னா முறை வைக்கணும். டேபிளுக்கு வெளியில பெரியவர் முறை, அவரு புள்ளியத் தூக்கட்டும். உள்ள வந்துட்டா சின்னவர் முறை. ஆனா உள்ள வக்கிற புள்ளியையும் தூக்கித்தான் வைக்கணும்னு அவருக்கு ஒரு வரி சொல்லி வச்சுட்டேன். பெரியவர் பேரு மொதல்ல, சின்னவர் பேரு ரெண்டாவது. அவ்ளோதான்."

அன்றிலிருந்து எங்கள் கடையில் அதற்கு அதுதான் பெயர். "அக்கா, பதினாலாம் பக்கத்துக்கு முறை வைக்கணும்" என்போம். மெட்ராஸிலிருந்து வந்த ஒரு எஞ்சினியர் இதைக் கேட்டு ஒன்றும் புரியாமல் திரும்பிப் போனார்.

முறை வைத்த ஃபைல் ஒவ்வொன்றிலும் அக்கா ஒரு குறிப்பு எழுதி வைப்பார். சதவீதக் குறி போட்டு எழுதினால், அது ஃபைலில் இருக்கும், அச்சில் வராது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக அடிப்பார். 'முதலில் பெரியவர், உள்ளே சின்னவர்.' சில நேரம் கூடவே, 'மாத்துனா கொன்னுடுவேன்.' அதுவும் டெலிபோன் கம்பி வழியாக வெளிநாடு போனது.

எதைப் பார்த்தாலும் அவருக்கு வருகிற கேள்வி ஒன்றுதான். "யாரு முன்னாடி?" பஸ்ஸில், மார்க்கெட்டில், குழாயடியில். ஒருமுறை அக்கா வீட்டுப் பக்கத்து ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்றோம். இரண்டு பெண்கள் டின்னைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். அக்கா போய், "யாரு முன்னாடி?" என்றார். ஒருத்தி, "நான் விடியக்காலைலேர்ந்து நிக்கிறேன்" என்றாள். மற்றவள் வாயைத் திறப்பதற்குள் அக்கா பையிலிருந்த ஸ்கேல் அவள் புருவத்தில் இறங்கிவிட்டது. ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. அப்புறம்தான் வரிசையில் கிடந்த கல்லைக் காட்டினார்கள். அடி வாங்கினவள் அதற்கும் முன்பே வந்து, தன் இடத்தில் கல்லை வைத்துவிட்டு, பிள்ளைக்குப் பால் கொடுக்க வீட்டுக்குப் போயிருக்கிறாள். கல் வைத்தால் ஆள் நிற்பதாகத்தான் கணக்கு. எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்.

அக்கா அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டு வாசலில் போய் நின்றார். ஸ்கேலை நீட்டி, "அடி" என்றார்.

"போங்கக்கா, பரவால்ல."

"அடிங்கிறேன்ல!"

அவள் அடித்தாள். சும்மா ஒன்றும் அடிக்கவில்லை. ஓங்கித்தான் அடித்தாள். அக்காவின் நெற்றியில் பிளந்தது. திரும்பி வரும்போது தலைப்பை வைத்து அழுத்திக்கொண்டே வந்தார். நான் அழுதேன். "நீ ஏண்டி அழுவுற? சரியாப் போச்சு" என்றார். பிறகு, நான் கேட்காமலே அதைச் சொன்னார்.

"எங்கப்பா கேஸ்ல நான்தான் சாட்சி. ஒம்போது வயசு. 'யாரு முதல்ல அடிச்சதும்மா?'ன்னு போலீஸ்காரங்க கேட்டாங்க. அப்பாதான்னேன். நான் போவும்போது எங்கப்பா மண்வெட்டிதான் மேல இருந்துச்சு. பாத்தத சொன்னேன். அதுக்கு முன்னாடி சித்தப்பா என்ன பண்ணுனாரு, எனக்குத் தெரியாது. யாரும் கேக்கவும் இல்ல. அப்பா ஜெயில்லயே போயிட்டாரு." நெற்றியிலிருந்து துணியை எடுத்துப் பார்த்தார். "இன்னும் வருதா?"

அதற்குப் பிறகு முதலாளிகள் சண்டை போடும்போது நான் அவர்களைப் பார்ப்பதில்லை, அக்காவைத்தான் பார்ப்பேன். குரல் உயர்ந்தால் போதும், கீபோர்டில் ஓடுகிற கை நின்றுவிடும். "இதுங்க ரெண்டுல ஒண்ணு போவும் பாரு. ஒண்ணு மண்ணுக்கு, ஒண்ணு ஜெயிலுக்கு. என் கண்ணு முன்னாடி மட்டும் வேணாம்" என்பார்.

அவர் கண் முன்னால்தான் வந்தது.

குழந்தைகளுக்கு மருந்து கொடுக்கிற அளவு பற்றின புத்தகம். மதியம் மூன்று மணி இருக்கும். நான் மூலத்தைப் படிக்கிறேன், அக்கா நகலில் பார்க்கிறார்.

"ஜீரோ பாயின்ட் அஞ்சு" என்றேன்.

அக்கா ஸ்கேலை எடுத்து அந்த வரிக்குக் கீழே வைத்தார்.

"அக்கா, ஜீரோ பாயின்ட் அஞ்சு."

"ஜீரோ அஞ்சு" என்றார்.

"ஒண்ணு பாயின்ட் ரெண்டு அஞ்சு."

"நூத்தி இருவத்தஞ்சு." நகலை மேஜையில் வைத்தார். "ஒரு வயசுப் புள்ளைக்கு."

ஒரு டேபிளில்கூடப் புள்ளி இல்லை. அத்தனையும் விழுங்கப்பட்டிருந்தது. ஃபைலைத் திறந்தார். உச்சியில் இரண்டு வரிகளும் இடம் மாறியிருந்தன. சின்னவர் பெயர் மேலே, பெரியவர் பெயர் கீழே. அக்காவின் சதவீதக் குறிப்பை எடுத்தே விட்டிருந்தார்கள்.

"யாரு மாத்துனது?" எழுந்து நின்று கத்தினார். கண்ணாடிக் கதவு அதிர்ந்தது.

சின்னவர் தன் மேஜையிலிருந்தே சொன்னார். "நான்தான். எல்லா ஃபைல்லயும் அவரு பேரு மேல, என் பேரு கீழயா? நான் என்ன அவருகிட்ட சம்பளத்துக்கா இருக்கேன்?"

பெரியவர் உள் அறையிலிருந்து வந்தார். நகலைப் பார்த்தார். "புள்ளையக் கொல்லப் பாத்தியாடா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அடுத்து சின்னவரின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் அறைந்தார். சின்னவர் கீபோர்டைப் பிடுங்கி அண்ணன் முகத்தில் வீசினார். எழுத்துக் கட்டைகள் பல் பல்லாய்த் தெறித்தன. பெரியவருக்கு மூக்கு உடைந்து வாயெல்லாம் ரத்தம். ஆபரேட்டர்கள் மேஜைக்கு அடியில் போய்விட்டார்கள். பெரியவர் பின்னால் நகர்ந்து, சுவரில் சாய்ந்திருந்த ஷட்டர் கம்பியை எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்குமேல் தூக்கினார்.

நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மூடியிருக்கலாம்.

அக்கா மேஜைமேல் ஏறி நடுவில் குதித்தார். முதலில் சின்னவர் முகத்தில் ஸ்கேல், குறுக்காக. திரும்பி, பெரியவர் முழங்கையில் ஒன்று, மூஞ்சியில் ஒன்று. "வுடுடா! வுடுடா கம்பிய!" முதலாளி என்றும் பார்க்கவில்லை, வாங்க போங்க எதுவும் இல்லை. ஆனால் கம்பி அதற்குள் இறங்க ஆரம்பித்துவிட்டது. சின்னவர் தலைக்குமேல் அக்கா தன் வலது கையை வைத்தார். புள்ளி வைக்கிற கை.

காய்ந்த வரட்டியைக் காலால் மிதித்ததுபோல ஒரு சத்தம். கம்பி தரையில் விழுந்து உருண்டது. ஸ்கேல் பாதியில் வளைந்து கிடந்தது. அக்கா உட்கார்ந்துவிட்டார். புறங்கையில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. பெரியவர் அப்படியே நின்று, "நான்... நான்..." என்றார்.

பெரியாஸ்பத்திரிக்கு சின்னவர்தான் அக்காவை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். வளைந்த ஸ்கேலை அக்கா பையில் போட்டு எடுத்துக்கொண்டு நானும் கூட ஏறினேன். பெரியவர் மூக்கில் கைக்குட்டையோடு ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தார். கட்டுப் போட்ட பிறகு வார்டில் அக்கா என் காதில் ஏதோ சொன்னார். நான் அவர் பையிலிருந்து வளைந்த ஸ்கேலை எடுத்து இடது கையில் கொடுத்தேன். பெரியவரைக் கிட்டே கூப்பிட்டார். பளார் என்று கன்னத்தில் வைத்தார். "இது முன்னாடி." சின்னவரைக் கூப்பிட்டார். அதே கன்னம், அதே வேகம். "இது பின்னாடி. வரிசைய மாத்துனியே, அதுக்கு இன்னொண்ணு." பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவி எழுந்து உட்கார்ந்துகொண்டு பார்த்தாள். இரண்டு பேரும் அடியை வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

போலீஸ்காரர் நோட்டோடு வந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. பெரியவர் மூக்கையும், சின்னவர் முகத்தில் இருந்த கோட்டையும், அக்கா கையையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் புரியாமல் இல்லை.

"சொல்லும்மா. யாரு முதல்ல அடிச்சது?"

பெரியவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அக்கா வாய் திறந்தால் அவர் உள்ளே. கடைக்குப் பூட்டு. தம்பி வெளியில், அண்ணன் ஜெயிலில், அந்தப் பகை பிள்ளைகள் காலம்வரை போகும். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். ஒன்பது வயதில் கேட்ட அதே கேள்வி, அதே காக்கிச் சட்டை.

"நான்தான் சார் மொதல்ல அடிச்சேன்" என்றார்.

"யாரை?"

கண்ணைத் திறந்து இரண்டு பேரையும் பார்த்தார். பெரியவரை முதலில், சின்னவரை அப்புறம்.

"ஷட்டர. தெறக்க மாட்டேன்னுச்சு. கம்பியால ஓங்கி அடிச்சேன். அது திரும்பி என் கையில விழுந்துட்டு. இவங்க ரெண்டு பேரும் புடிக்க வந்தாங்க, அதுல பட்டதுதான் அவங்களுக்கு."

"மூஞ்சியில கோடு?"

"என் ஸ்கேலு சார். குறுக்க வந்தா யாரா இருந்தாலும் படும். எங்க கடையில எல்லாருக்கும் பட்டிருக்கு. வேணும்னா இவளக் கேளுங்க."

போலீஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே தலையாட்டினேன். அது பொய் இல்லை. அவர் நோட்டில் ஷட்டர் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பெரியவர் தரையில் உட்கார்ந்து அழுதார். அக்காவுக்கு அதையெல்லாம் பார்க்கப் பொறுமை இல்லை. "அழுவுறத வீட்ல போய் அழுவுங்க. நாளைலேர்ந்து காலையில பெரியவரு. ஒரு மணிக்கு எழுந்திரிச்சுப் போயிடணும். ரெண்டு மணிக்கு மேல சின்னவரு. நடுவுல ஒரு மணி நேரம் யாரும் இல்ல. கோயில் மணி, பஸ்ஸு எதுவும் வேணாம், செவத்துல கடியாரம் இருக்கு. அந்த ஷட்டர் கம்பி எங்க வீட்ல இருக்கும்."

அப்படியேதான் நடந்தது. நான் இருந்த வரைக்கும் அந்த இரண்டு பேரும் கடைக்குள் ஒன்றாக நின்று நான் பார்க்கவில்லை. சாயங்காலம் ஷட்டரை இழுத்து மூட வேண்டுமே என்று, காலையிலேயே அக்கா கம்பியைப் பையில் குத்தி வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

கை கூடிவந்தது, விரல்கள் கூடவில்லை. மேஜைமேல் வைத்தால் இரண்டு விரல் ஒரு பக்கம், மூன்று விரல் ஒரு பக்கம் நிற்கும். வளைந்த ஸ்கேலை நிமிர்த்தித் தரச் சொல்லிப் பட்டறையில் கொடுத்தார். அது நிமிர்ந்தது. அதற்குப் பிறகு இடது கையால் அடித்தார். இடது கை அடி இன்னும் மோசம், எங்கே விழும் என்று அவருக்கே தெரியாது.

மருந்துப் புத்தகத்தை அவர் வருகிற வரைக்கும் யாரும் தொடவில்லை. பெரியவர் வெளிநாட்டுக்குப் போன் போட்டுக் கெஞ்சி நாள் வாங்கி வைத்திருந்தார். மாவுக்கட்டோடு வந்து உட்கார்ந்து, இடது கை ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். இரண்டு வரிகளையும் பழைய இடத்தில் வைத்தார். நான் படித்தேன். ஜீரோ பாயின்ட் அஞ்சு. "ஜீரோ பாயின்ட் அஞ்சு" என்றார். புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, இடுப்பு உயரத்தில், கோடு கிழித்ததுபோல் நின்றன.

மறுநாள் அந்த ஃபைலை அனுப்புவதற்கு முன்னால் நான் திறந்து பார்த்தேன். சதவீதக் குறிக்குப் பிறகு, அச்சில் வராத அந்த இடத்தில், இடது கை எழுத்துப் பிழைகளோடு இப்படி இருந்தது:

'இந்த ரெண்டு வரியையும் இடம் மாத்தாதீங்க. ஏற்கெனவே ஒரு கை போயிருக்கு.'